எல்லை தாண்டும் எண்கள்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காவேரி எக்ஸ்பிரஸைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவு இங்கே ஏறிப் படுத்தால், காலையில் சென்னையில் கண் விழிக்கலாம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்ட பழைய மாதிரித் தூங்கும் வசதிப் பெட்டியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதில் மொத்தம் 72 படுக்கைகள். எட்டு எட்டாக ஒன்பது பகுதிகளில் அவை அமைந்திருக்கும். அப்பெட்டிக்கு ஒருவர் 73 என்று எண்ணிட்ட சீட்டுடன் வந்தால் என்ன நேரும்? பரிசோதகர் சீட்டை வாங்கிப் பார்ப்பார். "ஐயா, இந்தப் பெட்டியில் இப்படி ஓர் இடமே இல்லையே" என்று சொல்லி அவரை நிறுத்திவிடுவார்.

இப்பொழுது பரிசோதகரே இல்லாத வண்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பயணியும் கண்ணைக் கட்டிக்கொண்டு, படுக்கைகளைக் கையால் தொட்டு எண்ணிக்கொண்டே நடப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 72 எண்ணி முடிப்பார். பெட்டி முடிந்தது என்பதை அறியாமல் இணைப்பு வழியைக் கடப்பார். அடுத்த பெட்டியின் முதற்படுக்கையை 73 என்று எண்ணி, அங்கே உறங்குபவர் மீது தம் மூட்டையை இறக்கி வைப்பார். அவர் மீது தவறு சொல்ல முடியுமா? சொன்ன எண்ணைச் சரியாகவே எண்ணினார். எல்லை எங்கே என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் நிரல்களிலும் இத்தகைய விபத்து நேருவதுண்டு. அதைத் தடுக்கும் காவல் ஒன்றும் உண்டு. அந்தக் காவல் எப்போது விழித்திருக்கிறது, எப்போது உறங்குகிறது, விழித்திருந்தும் எதைக் காணாமல் விட்டுவிடுகிறது என்பனவற்றை, பேசிக் என்னும் எளிய கம்ப்யூட்டர் மொழியை முன்னிட்டு இங்கே ஆராய்வோம். ஹெப்பாள் பகுதியில் உள்ள இன்போசிஸ் பயிற்சி நிலையத்திற்குத் தமிழ் இளைஞர்கள் தொழில் பழக வருகிறார்கள். இங்குள்ள கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் இக்கலையைப் பயில்கிறார்கள். ஆகவே பொறியியல் பயிலாத பெற்றோரும் இதனை அறிந்துவைப்பது நலம். நாமும் கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களேயன்றிப் பொறியியல் வல்லுநர்கள் அல்லோம். ஆயினும் இப்பொருளில் நமக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

அணி என்பது யாது?

ஒரே வகையான பல செய்திகளை ஒரே பெயரின் கீழ் வரிசையாக வைத்து, எண்ணிட்டு அழைப்பதற்கு அர்ரே என்று பெயர். தமிழ்ப் பாடநூல்கள் இதனை அணி என்று வழங்குகின்றன. அணியில் இன்ன இடம் என்று காட்டும் எண்ணைச் சுட்டெண் எனலாம். பத்து மாணவர்களின் மதிப்பெண்களுக்குப் பத்துப் பெயர் சூட்டாமல், 'மதிப்பெண்' என்று ஓர் அணியை அமைத்து, மதிப்பெண்(1), மதிப்பெண்(2) என்று அழைக்கிறோம். அணி எவ்வளவு பெரியது என்பதைப் பேசிக் மொழியில் 'டிம்' என்ற கட்டளையால் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

இங்கே புதியவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் வழிவந்த பேசிக் மொழிகளில் 'டிம் மதிப்பெண்(10)' என்று எழுதினால், வேறு ஏற்பாடு செய்தாலன்றி, இடங்கள் 0 முதல் 10 வரை பதினொன்று அமையும். பெரும்பாலோர் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்குவதால், பூஜ்ய இடம் காலியாகவே கிடக்கும். இந்தக் காலி இடம் நம் கதையிலே ஒரு பங்கு வகிக்கப் போகிறது.

நினைவகத்திலே இந்த இடங்கள் அடுத்தடுத்து அமைகின்றன. ஓர் அணி 5000 என்னும் முகவரியில் தொடங்குகிறது என்றும், ஒவ்வோர் எண்ணும் நான்கு பைட் இடம் கொள்கிறது என்றும் கொள்வோம். மூன்றாம் இடத்தைக் காண யந்திரம் தேடி அலைவதில்லை. மூன்றை நான்கால் பெருக்கி, 5000 உடன் கூட்டி, 5012 என்ற முகவரிக்கு நேரே சென்றுவிடும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். அத்துடன் வேலை முடிந்தது. 'மூன்று என்பது இந்த அணிக்குள் அடங்கிய எண்தானா?' என்ற கேள்வி இக்கணக்கில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்வியை யாரேனும் தனியே கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்பதற்குத்தான் எல்லைச் சோதனை என்று பெயர்.

இரு வகை மொழிபெயர்ப்பு

பேசிக் மொழி அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்களால் உருவாக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அது முதன்முதலாக இயங்கிற்று. விஞ்ஞானம் பயிலாத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாள வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். நம்மைப் போன்ற கலைத்துறையினரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மொழி என்றே சொல்லலாம்.

மனிதன் எழுதும் கட்டளைகளை யந்திரத்தின் மொழிக்கு மாற்ற இரு வழிகள் உண்டு. மேடையில் ஒருவர் கன்னடத்தில் பேசுகிறார். அருகில் நிற்பவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் தமிழில் சொல்கிறார். இது ஒரு வழி. இவ்வாறு செய்யும் நிரலுக்கு இண்டர்ப்ரெட்டர் என்று பெயர். நூல் முழுவதையும் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்து, அச்சிட்டு, வாசகர் கையில் கொடுத்துவிடுவது மற்றொரு வழி. இவ்வாறு செய்யும் நிரல் கம்பைலர் எனப்படும். நம் தொழிலிலும் இவ்விரண்டும் உண்டு; இரண்டின் இயல்பும் வேறு. மேடையில் நிற்பவர், பேச்சாளர் தவறான தேதியைச் சொன்னால் அவர் பக்கம் திரும்பி, "1857 ஆ, 1957 ஆ?" என்று கேட்கலாம். அச்சான நூலின் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்பதில்லை. ஐயம் தோன்றக்கூடிய இடங்களுக்கு அவர் முன்னரே அடிக்குறிப்பு எழுதி வைத்திருந்தால் உண்டு. இல்லையேல் வாசகர் தவறோடு தவறாகப் படித்துச் செல்வார்.

டார்ட்மத் கல்லூரியின் முதல் பேசிக் கம்பைலர் வகையைச் சேர்ந்தது. ஆனால் 1975 க்குப் பிறகு சிறு கம்ப்யூட்டர்கள் பெருகிய காலத்தில், உலகெங்கும் மக்கள் பழகியது இண்டர்ப்ரெட்டர் வகையையே. நம் நாட்டிலும் அவ்வாறே. 1984-85 ஆம் கல்வியாண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிச் சுமார் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. பிரிட்டிஷ் வானொலி நிறுவனத்தின் கல்வித் திட்டத்திற்காக உருவான யந்திரம் அது. அதில் பொருத்தப்பட்டிருந்த பேசிக், இண்டர்ப்ரெட்டர் வகை. பின்னர்ப் பரவிய ஜி.டபிள்யூ. பேசிக்கும் அவ்வகையே. அதில் எல்லை கடந்த சுட்டெண்ணை எழுதினால், நிரல் அவ்விடத்திலேயே நின்று, 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று தவறு நிகழ்ந்த வரியின் எண்ணோடு அறிவிக்கும். ஒன்பதாம் எண்ணுள்ள பிழை என்று அதற்குப் பெயர். பேசிக் பயின்ற ஒரு தலைமுறையினர் இந்த அறிவிப்பைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டனர். எல்லை மீறினால் யந்திரமே நிறுத்தும் என்பது அவர்களுக்கு இயற்கை விதி போலத் தோன்றிவிட்டது. நமக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

வாசகசாலையில் நேர்ந்தது

1999 ஆம் ஆண்டு வாக்கில், நாம் கல்லூரி மாணவராக இருந்தபோது, வெளிமாநில நகர் ஒன்றில் தமிழன்பர்கள் நடத்திவந்த சிறு வாசகசாலைக்கு மாலை வேளைகளில் சென்று உதவுவது வழக்கம். அங்கே யாரோ அளித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் உறுப்பினர் கணக்கை எழுதி வைக்கலாமே என்று நாமே முன்வந்து, குவிக்பேசிக்கில் ஒரு நிரல் எழுதினோம். ஒவ்வோர் உறுப்பினரும் சேரும்போது ஐம்பது ரூபாய் வைப்புத் தொகை தர வேண்டும். விலகும்போது திரும்பப் பெறலாம். நூலைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம். ஆகவே 'வைப்பு' என்று ஓர் அணியும், 'அபராதம்' என்று ஓர் அணியும் அமைத்தோம். அப்போது உறுப்பினர் நூற்றைம்பது பேருக்கும் குறைவு. இருநூறு போதும் என்று எண்ணி இரண்டிற்கும் 200 என்று எல்லை வகுத்தோம்.

இருபது பெயர்களை வைத்து நிரலைச் சோதித்தோம். குவிக்பேசிக்கின் பணித்திரையிலேயே அது குறையின்றி ஓடிற்று. பின்பு, வேகமாக ஓடட்டும் என்று கம்பைல் செய்து, தனித்து இயங்கும் கோப்பாக்கிக் கொடுத்துவிட்டோம். அவ்வாறு செய்யும்போது ஒரு சிறு தேர்வு திரையில் வரும்: பிழை காணும் குறிகளைச் சேர்க்கட்டுமா, வேண்டாமா? நாம் அதன் பொருளை ஆராயவில்லை, சேர்க்காமலே விட்டோம்.

ஓராண்டிற்குள் வாசகசாலை வளர்ந்தது. 201 ஆவது உறுப்பினர் சேர்ந்தார். ஒன்றும் நேரவில்லை. 202 ஆவதாக, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் சேர்ந்தார். அன்று மாலையே, முதல் எண்ணுள்ள உறுப்பினரான ஓய்வுபெற்ற தபால்காரப் பெரியவர் மீது ஐம்பது ரூபாய் அபராதம் என்று திரை காட்டிற்று. ஒரு நாளும் நூலைத் தாமதித்தவர் அல்லர் அவர். அவர் நம்மைப் பார்த்து, "தம்பி, நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே, ஆனாலும் யந்திரம் பொய் சொல்லாது அல்லவா? என் ஞாபகம்தான் தப்பியிருக்க வேண்டும்" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டார். நாமும் வாங்கிக்கொண்டோம்.

சில மாதங்கள் சென்றன. அந்த இளம்பெண் வேலையை விட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. வைப்புத் தொகையைக் கேட்டு வந்தார். அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. "அண்ணா, நான் உங்கள் கையில்தானே கொடுத்தேன்?" என்று அவர் கேட்டபோது நமக்குப் பேச நா எழவில்லை. நல்லவேளையாக, காரியதரிசி கம்ப்யூட்டரை நம்பாமல் பழைய நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவந்தார். அதில் அவர் ஐம்பது ரூபாய் கட்டியது தேதியோடு இருந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. அன்றிரவு அமர்ந்து நிரலை ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது.

முன் சொன்ன முகவரிக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 'வைப்பு' அணி 5000 இல் தொடங்குவதாகக் கொண்டால், வைப்பு(200) இன் முகவரி 5800. அதோடு அந்த அணி முடிகிறது. நம் நிரலில் 'அபராதம்' அணி அதை ஒட்டியே அமைந்திருந்தது; ஆகவே அபராதம்(0) இன் முகவரி 5804, அபராதம்(1) இன் முகவரி 5808. இனி, இல்லாத இடமான வைப்பு(201) ஐ யந்திரம் கணக்கிட்டால் 5804 வரும். அது நாம் பயன்படுத்தாத பூஜ்ய இடம். எனவே 201 ஆவது உறுப்பினர் சேர்ந்தபோது தீங்கு ஏதும் வெளிப்படவில்லை. வைப்பு(202) ஐக் கணக்கிட்டால் 5808. அதுவே முதல் உறுப்பினரின் அபராதம் இருக்கும் இடம்! அந்தப் பெண் கொடுத்த ஐம்பது ரூபாய், பெரியவர் தலையில் அபராதமாக ஏறிற்று. பெரியவர் அபராதம் கட்டி அதைப் பூஜ்யமாக்கியபோது, பெண்ணின் வைப்புத் தொகையும் அழிந்தது. இருவர் கணக்கு, நினைவகத்தில் இடமோ ஒன்று. 'அபராதம்' அணிக்கு அப்பாலும் நிரல் எல்லை மீறியே இருந்தது. அங்கே முக்கியமான செய்தி ஒன்றும் இல்லாததால் தப்பித்தோம்.

பெரியவரிடம் சென்று நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தோம். அவர் பெற்றுக்கொண்டு சிரித்தார். தம் ஞாபகம் பழுதுபடவில்லை என்பதே அவருக்குப் பணத்தைக் காட்டிலும் பெரிய ஆறுதலாக இருந்தது என்று தோன்றிற்று. அத்தனை மாதங்கள் அவர் தம்மைத் தாமே சந்தேகித்திருக்கிறார்.

சோதனையை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

கம்பைலரைச் செய்தவர்கள் இந்தச் சோதனையை ஏன் கட்டாயமாக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் வேகமும் இடமும். ஒவ்வொரு முறை அணியைத் தொடும்போதும் 'கீழெல்லைக்குக் குறைவா, மேலெல்லைக்கு அதிகமா' என்று இரு ஒப்பீடுகள் செய்ய வேண்டும். ஓர் அணியைப் பத்தாயிரம் முறை சுற்றி வரும் நிரலில் இருபதாயிரம் ஒப்பீடுகள். 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. யந்திரத்தின் துடிப்பு விநாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் மாத்திரமே. இன்றைய கைப்பேசிகளோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விரைவாகத் துடிக்கின்றன. மேலும், மக்கள் கம்பைலரை நாடியதே வேகத்திற்காக. எனவே சோதனையை விருப்பத் தேர்வாக வைத்தார்கள்.

குவிக்பேசிக் 4.5 இல் அந்தத் தேர்வைச் சேர்த்துக் கம்பைல் செய்தால், அணியின் எல்லை மட்டுமன்றி, கணக்கீட்டில் எண் அளவு மீறுகிறதா என்பதும் சோதிக்கப்படும். பிழை நேர்ந்த வரியும் தெரியும். சேர்க்காவிட்டால் இவை இல்லை. ஒரே நிரல், பணித்திரையில் ஓடும்போது காவலுடன் ஓடுகிறது. தனிக் கோப்பாக மாறியபின் காவலின்றி ஓடுகிறது. எழுதியவரிடம் இருக்கும் வரை பத்திரமாக இருந்து, பிறர் கைக்குச் சென்றபின் பத்திரம் இழப்பது விபரீதம் அல்லவா? 1997 இல் வந்த விஷுவல் பேசிக் 5 இல் இந்த முறை மாறிற்று. அதில் யந்திர மொழிக்குக் கம்பைல் செய்தாலும் சோதனை இருக்கும். வேண்டாதவர்கள் தாமே முனைந்து அதை நீக்க வேண்டும். இன்று பலர் பயன்படுத்தும் ஃப்ரீபேசிக்கிலோ, நாம் கேட்டுச் சேர்த்தாலன்றிச் சோதனை இல்லை. பெயரால் எல்லாம் பேசிக்தான். வழக்கம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது.

காவல் இருந்தும் காணாதவை

சோதனையைச் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணலாகாது. அதற்கும் வரம்புகள் உண்டு.

முதலாவது, இரு பரிமாண அணிகள். மறுபடியும் ரயில் பெட்டிக்கு வருவோம். ஒருவருடைய சீட்டில் 'மூன்றாம் பகுதி, பதினோராம் படுக்கை' என்று இருக்கிறது. ஒரு பகுதிக்கு எட்டுப் படுக்கைகளே ஆதலால் இது தவறான சீட்டு. ஆனால் பரிசோதகர் மொத்த எண்ணை மட்டும் கணக்கிடுபவர் என்று கொள்வோம். முதல் இரண்டு பகுதிகளுக்குப் பதினாறு, அதனுடன் பதினொன்று, ஆக இருபத்தேழு. இருபத்தேழு எழுபத்திரண்டுக்குள் அடங்குகிறது. "சரி, போகலாம்" என்று விட்டுவிடுவார். பயணியோ நான்காம் பகுதியின் மேல்படுக்கையில், பிறருடைய இடத்தில் ஏறிப் படுத்துவிடுவார். சில கம்பைலர்கள், பழைய போர்ட்ரான் கம்பைலர்கள் சில உட்பட, இவ்வாறே மொத்த எல்லையை மட்டும் பார்த்தன. மாணவர்களின் பாடவாரி மதிப்பெண் பட்டியலில் இது நேர்ந்தால், ஒருவன் மதிப்பெண் அடுத்தவன் பெயரில் ஏறும். காவலோ வாய் திறவாது. நம் கம்பைலர் ஒவ்வொரு பரிமாணத்தையும் தனித்தனியே பார்க்கிறதா என்பதை அதன் கையேட்டில் படித்தும், வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பார்த்தும் அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பக்கவாசல்கள். பேசிக்கில் 'போக்' என்ற கட்டளை, நினைவகத்தில் இன்ன முகவரியில் இன்ன எண்ணை எழுது என்று நேராகச் சொல்வது. அணியின் வழியாகச் செல்லாததால் அணியின் காவலருக்கு அது தெரியவே தெரியாது. கோப்பு ஒன்றை அப்படியே நினைவகத்தில் இறக்கும் 'பிலோடு' கட்டளையும் அத்தகையதே. கோப்பு அணியைவிடப் பெரிதாயின் அப்பால் உள்ளவற்றின் மீது கொட்டிவிடும். அணியை வேறு மொழியில் எழுதிய துணைநிரலிடம் ஒப்படைக்கும்போதும், பெரும்பாலும் தொடக்க முகவரி மட்டுமே கைமாறுகிறது. எல்லை எங்கே என்னும் செய்தி உடன் செல்வதில்லை.

மூன்றாவது, எல்லைக்குள்ளேயே நிகழும் தவறு. இதற்கு எந்தச் சோதனையும் மருந்தாகாது. ஐந்தாம் உறுப்பினர் கணக்கில் எழுத வேண்டியதை ஆறாம் உறுப்பினர் கணக்கில் எழுதினால், ஆறும் எல்லைக்குள் இருப்பதால் காவலர் மறிக்க மாட்டார். பெட்டியிலே அப்படி ஓர் இடம் உண்டா என்று மட்டுமே அவர் கேட்கிறார். அது உம்முடைய இடமா என்று கேட்பதில்லை. இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் பைதான் மொழியில் எல்லைச் சோதனை எப்போதும் உண்டு. ஆயினும் அங்கே சுட்டெண் -1 என்றால் பிழையன்று. பட்டியலின் கடைசி உறுப்பு என்று பொருள். கணக்கில் ஒன்று குறைந்து -1 ஆகிவிட்டால், நிரல் நிற்காமல் கடைசிப் பெயரை எடுத்துக்கொண்டு செல்லும்.

அறிஞர்களும் உலக அனுபவமும்

இப்பொருளில் நெடுங்காலத்திற்கு முன்பே எச்சரித்தவர் டோனி ஹோர். 1934 இல் கொழும்பு நகரில் பிறந்த ஆங்கிலேய அறிஞர் அவர். 1960 களில் எலியட் என்னும் ஆங்கிலக் கம்பெனியில் அல்கால் மொழிக்குக் கம்பைலர் செய்தபோது, ஒவ்வொரு சுட்டெண்ணையும் ஒவ்வொரு முறையும் சோதிக்குமாறே அமைத்தார். பின்னர், வேகம் வேண்டுமாயின் இச்சோதனையை நீக்கிக்கொள்ள வழி செய்து தரலாமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்களாம். அவர்கள் ஒருமுகமாக, வேண்டாம் என்றார்கள். அன்றாட வேலையிலே இத்தவறு எத்தனை முறை நேர்கிறது என்பதைத் தம் அனுபவத்தால் அவர்கள் அறிந்திருந்தனர். 1980 இல் டூரிங் விருது பெற்றபோது நிகழ்த்திய உரையில் ஹோர் இதனை நினைவுகூர்ந்து, பிற்காலத்து மொழிகளை வகுத்தவர்கள் இப்பாடத்தைக் கற்கவில்லையே என்று வருந்தினார்.

அவ்வருத்தம் வீணன்று என்பதைக் காலம் காட்டிற்று. 1988 நவம்பரில் அமெரிக்க இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, சி மொழியில் எழுதிய ஒரு நிரல் தான் ஏற்கும் எழுத்துக்களின் எல்லையைச் சோதிக்காததைத் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறை, எழுதும்போதன்றிப் படிக்கும்போது நேரும் மீறல். கேட்பவர் சொல்லும் அளவை நம்பி, யந்திரம் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. பிறருடைய ரகசியச் சொற்களும் அதில் அகப்படக்கூடும். அவை பேசிக் நிரல்கள் அல்ல. எனினும் வாசகசாலையில் நாம் செய்த தவறுக்கும் இவற்றுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

நாம் செய்யத்தக்கவை

சங்கத்துக் கணக்கையோ, கடைக் கணக்கையோ கம்ப்யூட்டரில் ஏற்றும் அன்பர்களுக்கும், நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் சிலவற்றைக் கூறி முடிப்போம்.

கம்பைல் செய்யும்போது எல்லைச் சோதனையைச் சேர்த்தே செய்க. பயனாளர் கைக்குச் செல்லும் நிரலில்தான் அது மிகவும் தேவை. இன்றைய யந்திர வேகத்தில், சிறு கணக்குகளுக்கு அதனால் ஆகும் தாமதத்தை நாம் உணரவும் மாட்டோம். அணியைத் தொடுமுன், சுட்டெண் எல்லைக்குள் உள்ளதா என்று நிரலிலேயே ஒரு வரி எழுதிக் கேட்பதும் நன்று. 'இடம் நிரம்பிவிட்டது' என்று தமிழில் ஒரு செய்தி வந்தால் யாரும் அதைப் புரிந்துகொள்வார்கள். சோதிக்கும்போது இருபது பெயரோடு நிறுத்தாமல், இருநூறாவது, இருநூற்றொன்றாவது, அதற்கும் அடுத்தது என்று எல்லையையும் அதன் அப்பாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இருநூற்றொன்றோடு நிறுத்தியிருந்தாலும் நம் பிழை நமக்குத் தெரிந்திராது என்பதை மறவாதீர்கள். பிள்ளைகளுக்குக் கையேட்டைப் படிக்கும் பழக்கத்தையும் ஊட்டுங்கள். பொருள் தெரியாத தேர்வு திரையில் வந்தால், அது என்னவென்று விசாரித்தபின் விடை சொல்லட்டும்.

கடைசியாக, யாரேனும் ஒருவர் வந்து "என் கணக்கு இப்படியன்று" என்று சொன்னால், யந்திரத்தைக் காட்டி அவரை வாயடைக்க வேண்டாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒத்துப் பாருங்கள். அந்தத் தபால்காரப் பெரியவர் பணம் கட்ட வந்த மாலையில் நாம் அதைச் செய்திருந்தால், அவருடைய வருத்தம் அன்றே தீர்ந்திருக்கும்; அந்தப் பெண்ணும் ஊருக்குப் புறப்படும் நாளில் வாசலில் நின்று வாதாட நேர்ந்திராது.